மகளுக்கு இன்-ஸ்டேட் கட்டணம் கிடைக்குமா?

கேட்டவர் சொன்னது இது. ஹெச்-1பி வேலை விசாவில் நியூ ஜெர்சியில் இருந்தவர், கடந்த டிசம்பரில் வேலை மாறி, டாலஸ் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டார். மகள், ஹெச்-1பிகாரரின் குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில், பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். அவருக்கு நான்கு சந்தேகங்கள். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் மகளுக்கு இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது உள்ளூர்க்காரருக்கான குறைந்த கட்டணம், வருமா? கலிஃபோர்னியாவில் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கவைத்தால் அங்கே உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா? இரண்டும் இல்லையென்றால் ஏதாவது ஒரு மாநிலத்தில் சேர்த்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ள முடியுமா? அப்புறம், சென்னையிலிருந்து எம்எஸ் படிக்க வரும் தங்கை மகனுக்கு ஏதாவது வழி உண்டா?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதற்குக் கிட்டத்தட்ட இல்லை. நான்காவதற்கு டெக்சஸில் ஒரு நல்ல வழி இருக்கிறது. இனி ஏன் என்று பார்ப்போம். காரணம் தெரிந்தால்தான் நாளை வேலை போனாலோ, விசா மாறினாலோ என்ன செய்வது என்பது புரியும்.

பணக் கணக்கு முதலில். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெக்சஸ்காரருக்கு ஆண்டுக் கட்டணம், எடுக்கும் படிப்பைப் பொறுத்து, சுமார் 11,000 முதல் 14,000 டாலர் வரை. வெளிமாநிலத்தவருக்கு 40,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாவின் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) என்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்லோரும் கட்டும் கட்டணத்துக்கு மேல் வெளியாருக்கு ஒரு கூடுதல் கட்டணம் உண்டு. 2025 இலையுதிர் பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது மட்டும் 37,602 டாலர். நான்கு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பல ஊர்களில் ஒரு வீட்டுக்கு முன்பணமே கட்டிவிடலாம்.

பணம் மட்டுமல்ல, இடமும் இதில் அடங்கியிருக்கிறது. ஆஸ்டினில் இளங்கலை முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரருக்கு என்று சட்டமே சொல்கிறது. யூசி நிர்வாகக் குழு 2017இல் வெளியாருக்கு 18 சதவீத வரம்பு வைத்தது. வட கரோலினாவில் சேப்பல் ஹில்லிலும் முதலாண்டு வெளிமாநில மாணவருக்கு 18 சதவீதம்தான். ஆகவே பணம் இருக்கிறது, கட்டிவிடலாம் என்பவர்களும் இந்த விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, விதி என்ன? ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது விதி. ஆனால் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் அந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். அதை நிரந்தர ஊராக ஆக்கிக்கொள்ளும் எண்ணம் செயலில் தெரிய வேண்டும். வந்த காரணம் படிப்பாக இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். மாணவர் பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் இந்த மூன்றும் மாணவரைப் பற்றியே அல்ல, பெற்றோரைப் பற்றி. பதினெட்டு வயது ஆகிவிட்டது, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, தனி அறையில் இருக்கிறாள் என்பதெல்லாம் எடுபடாது. வருமான வரிச் சட்டப்படி முழுநேர மாணவரை 24 வயதாகும் வரை பெற்றோர் தங்கள் வரிக் கணக்கில் காட்ட இடம் உண்டு. அதனால் இளங்கலை மாணவர் பெரும்பாலோர் நடைமுறையில் அப்பா அம்மா இருக்கும் மாநிலத்துக்காரர்கள்தான்.

நாளைக் கணக்கிடுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விண்ணப்பித்த நாளோ, இடம் கிடைத்த நாளோ அல்ல. டெக்சஸில் 'சென்சஸ் டேட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பொதுப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான செமஸ்டரில் அது பன்னிரண்டாவது வகுப்பு நாள். அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம். நீங்கள் கடந்த டிசம்பரில் வந்தீர்கள்; மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆகஸ்டில் சேரும்போது ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தாராளம். நியூ ஜெர்சியில் எத்தனை வருஷம் வரி கட்டினீர்கள் என்பதை இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே இருந்த உரிமையும் நீங்கள் கிளம்பியதோடு போய்விட்டது.

இந்த ஒரு வருஷக் காத்திருப்பு நியாயமா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். மின்னசோட்டாவின் ஓராண்டு விதி செல்லும் என்று 1971இல் முடிவாயிற்று. ஆனால் கனெக்டிகட் ஒரு படி மேலே போய், சேரும்போது வெளியூர்க்காரராக இருந்தவர் படிப்பு முடியும்வரை வெளியூர்க்காரர்தான், எந்த ஆதாரம் காட்டினாலும் மாற்ற முடியாது என்று சட்டம் போட்டது. 1973இல் விலாண்டிஸ் எதிர் கிளைன் வழக்கில் அது செல்லாது என்றது நீதிமன்றம். ஆதாரம் காட்ட ஒரு வாய்ப்பாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதனால்தான் இன்றைக்கும் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மறுவகைப்பாட்டுக்கு ஒரு படிவமும், மேல்முறையீட்டுக்கு ஒரு குழுவும் இருக்கின்றன. வாய்ப்பு கொடுக்கச் சொன்னார்களே தவிர, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க மாணவருடையது.

அடுத்து விசா. கிரீன் கார்டு இல்லையென்றால் உள்ளூர்க்காரர் ஆக முடியாது என்று நம் குடும்பங்களில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. இதற்கும் ஒரு வழக்குதான் வழிகாட்டி: 1982இல் வந்த டோல் எதிர் மொரேனோ. உலக வங்கி மாதிரியான சர்வதேச நிறுவனங்களில் ஜி-4 விசாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு மேரிலாந்து பல்கலைக்கழகம் உள்ளூர்க் கட்டணம் தர மறுத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் ஜி-4காரர்கள் இங்கே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் கொள்வதைத் தடுக்கவில்லை, அப்படியிருக்க ஒரு மாநிலம் கூடுதல் சுமை ஏற்றக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதே தர்க்கத்தை மற்ற விசாக்களுக்கும் வைத்துப் பாருங்கள், எல்லாம் விளங்கும். எஃப்-1 மாணவர் விசாவின் சட்ட வரையறையிலேயே, சொந்த நாட்டில் கைவிடும் எண்ணம் இல்லாத ஓர் இருப்பிடம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. திரும்பிப் போகிறேன் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டு வந்தவர், இங்கேயே இருக்கப் போகிறேன் என்று பல்கலைக்கழகத்தில் சொல்ல முடியாது. ஜே-1 என்ற பரிமாற்ற விசா, சுற்றுலா விசா எல்லாம் அதே கதைதான். ஹெச்-1பி, கம்பெனிக்குள் இடமாற்றத்துக்கான எல்-1 இரண்டுக்கும் அந்த நிபந்தனையை 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் எடுத்துவிட்டது. அதனால் ஹெச்-1பி வைத்திருப்பவரும், ஹெச்-4இல் இருக்கும் மனைவி மக்களும் ஒரு மாநிலத்தை நிரந்தர ஊராக்கிக்கொள்ளலாம். டெக்சஸும் கலிஃபோர்னியாவும் வர்ஜீனியாவும் இதை ஏற்கின்றன. பல்கலைக்கழக அலுவலகத்தில் முதலில் போனை எடுப்பவர், விசாவா, அப்படியென்றால் இன்டர்நேஷனல் என்று சொல்லிவிடக்கூடும். அதோடு விட்டுவிடாதீர்கள். ரெசிடென்சி, அதாவது யார் உள்ளூர்க்காரர் என்பதை, முடிவு செய்யும் அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டெக்சஸில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று பள்ளிக் கதவு: டெக்சஸ் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு முடிக்கும்வரையான 36 மாதம் இங்கே வாழ்ந்து, பள்ளி முடித்து, சென்சஸ் டேட்டுக்கு முந்தைய ஓராண்டும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். உங்கள் மகள் பதினோராம் வகுப்பின் நடுவில் வந்ததால் 36 மாதம் தேறாது. இரண்டாவது பெற்றோர் கதவு: பெற்றோரில் ஒருவர் ஓராண்டு இங்கே நிரந்தர வசிப்பிடம் வைத்திருக்க வேண்டும். அதற்கு அடையாளமாக இவர்கள் பார்ப்பது வேலை, சொந்த வீடு, சொந்தத் தொழில் போன்றவை. உங்களுக்கு வேலை இருக்கிறது, அதுவே போதும். விண்ணப்பத்திலேயே வரும் 'கோர் ரெசிடென்சி' கேள்விகளைப் பொறுமையாக, ஆவணத்தில் உள்ளபடியே நிரப்புங்கள். மகளிடம் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அவசரத்தில் நான் குடியுரிமை இல்லாதவள், ஆகவே வெளியாள் என்று ஏதாவது ஒரு பெட்டியில் டிக் அடித்துவிட்டால், அதைத் திருத்த ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

2025 ஜூனில் டெக்சஸ் செய்தி ஒன்றைப் படித்துப் பலர் பயந்துவிட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணமில்லாத மாணவர்களுக்கும் பள்ளிக் கதவு வழியாக உள்ளூர்க் கட்டணம் என்று 2001இல் முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் டெக்சஸ். மத்திய அரசு வழக்குப் போட்டதும் மாநில அரசு அன்றைக்கே ஒத்துக்கொள்ள, நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஃப்ளோரிடாவும் அதே ஆண்டு தன் சலுகையை எடுத்துவிட்டது. அந்த டெக்சஸ் உத்தரவு சட்டப்படி நாட்டில் இல்லாதவர்களைப் பற்றியது. செல்லுபடியாகும் ஹெச்-4 வைத்திருப்பவர் அதில் வரமாட்டார். ஆனால் அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் குடியேற்ற ஆவணங்களை அதிகம் கேட்கின்றன. ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (விசா நிலை ஒப்புதல் கடிதம்) பிரதிகளைத் தேதி காலாவதியாகாமல் தயாராக வைத்திருங்கள். நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அதன் ரசீதும் வேண்டும்.

இப்போது கலிஃபோர்னியா. பெரியப்பா வீட்டில் தங்குவது பெரியப்பாவின் ஊரைக் கொடுக்காது. யூசி கணக்கில் பார்ப்பது அப்பா அம்மாவின் ஊரைத்தான். அவர்கள் கலிஃபோர்னியாவில் இல்லையென்றால், மாணவர் தன் காலில் நிற்பதை நிரூபிக்க வேண்டும். அல்லது அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், இப்படி ஏதாவது ஒரு விதிவிலக்கில் வர வேண்டும். நீதிமன்றத்தில் பெரியப்பாவைக் காப்பாளராக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்பா அம்மா உயிரோடு, நலமாக, சம்பாதித்துக்கொண்டு இருக்கும்போது, கட்டணத்துக்காக ஏற்படுத்திய காப்பாளர் ஏற்பாடு அதிகாரியின் முதல் பார்வையிலேயே அடிபடும். பொய்யான தகவல் என்று முடிவானால் கட்டண பாக்கியோடு ஒழுங்கு நடவடிக்கையும் வரும். விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அது வேண்டாத வம்பு.

இதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது, இங்கே பிறந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும். கலிஃபோர்னியாவில் ஏபி 540 என்று 2001இல் வந்த சட்டம், அந்த மாநில உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்து அங்கேயே பள்ளி முடித்தவருக்கு வெளியார் கட்டணத்திலிருந்து விலக்குத் தருகிறது. பெற்றோர் எங்கே இருந்தாலும் சரி. 2018 முதல் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் படித்த காலத்தையும் ஒரு அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே குடியுரிமை உள்ள ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பெரியப்பா வீட்டில் இருந்து பள்ளி முடித்திருந்தால், அப்பா அம்மா ஒஹாயோவில் இருந்தாலும் அவனுக்கு இந்த விலக்கு வரும். கட்டணத்துக்காகப் பிள்ளையைப் பதினான்கு வயதில் பிரிந்து இருக்கலாமா என்பது வேறு விஷயம். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது. ஹெச்-4 போன்ற தற்காலிக விசாக்காரர்களை அந்தச் சட்டம் வெளியே வைத்திருக்கிறது. அவர்களுக்குப் பெற்றோர் அங்கே வாழும் வழி ஒன்றுதான். நியூயார்க்கில் இதே மாதிரி பள்ளி வழி இரண்டு வருஷத்திலேயே திறக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முதல் வருஷம் வெளியார் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடுவது, அங்கே வாடகை வீடு, உரிமம், வண்டிப் பதிவு எல்லாம் எடுப்பது, இரண்டாம் வருஷம் உள்ளூர்க்காரராக மாறிக்கொள்வது. எல்லாப் பெற்றோருக்கும் ஒருமுறையாவது தோன்றும் யோசனை இது. அதிகாரிகளுக்கும் தெரியும். எனவே விதியே அதை மறித்து எழுதப்பட்டிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு மேல் படிப்பவர் படிப்புக்காகவே வந்தவர் என்று எடுத்துக்கொள்வார்கள். டெக்சஸில் வேலையைக் காட்டி ஊர்க்காரர் ஆகலாம் என்றாலும், வாரம் சராசரி இருபது மணி நேரமாவது ஓராண்டு செய்த வெளிவேலையாக அது இருக்க வேண்டும். ஒர்க்-ஸ்டடி, ஃபெலோஷிப், உதவி ஆசிரியர் வேலை எதுவும் கணக்கில் வராது. வர்ஜீனியா தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் கேட்கிறது. பெற்றோர் வேறு மாநிலத்திலிருந்து வரிக் கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும்வரை இவற்றில் எதுவும் நகராது. பல்கலைக்கழக வாசலில் ஒரு காண்டோ வாங்கிப்போட்டால் ஆகிவிடும் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வதுண்டு. வீடு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள், ஏன் வாழ்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

விதிவிலக்காக மிசூரி இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓராண்டு தொடர்ந்து மாநிலத்தில் தங்கி, குறைந்தது 2,000 டாலர் வரிக்குரிய வருமானம் ஈட்டியவர்கள் இரண்டாம் ஆண்டிலிருந்து உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறுவது வழக்கமாகவே நடக்கிறது. யூட்டாவும் இந்த விஷயத்தில் தாராளம் என்று பெயர் வாங்கிய மாநிலம். ஆனால் கோடையில் வீட்டுக்கு வராமல் அங்கேயே இருந்து வேலை பார்க்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லாத ஹெச்-4 பிள்ளைக்கு அந்த வருமானம் எங்கிருந்து வரும்? ஆகவே இது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களின் பாதை.

உங்கள் விஷயத்தில் நான் உண்மையில் கவலைப்படுவது முதல் வருஷக் கட்டணத்தைப் பற்றி அல்ல, 21ஆவது பிறந்தநாளைப் பற்றி. அன்றைக்கு ஹெச்-4 முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மகள் எஃப்-1க்கு மாற வேண்டும். இந்தியர்களுக்கான ஈபி-2, ஈபி-3 என்ற வேலைவழிக் கிரீன் கார்டு வரிசை நகரும் வேகத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பதினெட்டில் சேரும் பெண்ணுக்கு இது மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ வந்து நிற்கும். எஃப்-1 ஆனபின் உள்ளூர்க் கட்டணம் நிற்குமா போகுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தகுதி பள்ளிப் படிப்பின் வழியாக வந்திருந்தால் அது பொதுவாக உறுதியானது. பெற்றோரின் வசிப்பிடம் வழியாக வந்திருந்தால் புதிய விசா அதைக் கேள்விக்குள்ளாக்கலாம். அதனால் சேருவதற்கு முன்பே, தொடர்ந்து படிக்கும் மாணவரின் விசா இடையில் மாறினால் வகைப்பாடு என்ன ஆகும் என்று குறிப்பாக இந்தக் கேள்வியை எழுதிக் கேளுங்கள். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் பட்டியலில் இருந்தால், இந்தப் பதிலே எதில் சேர்ப்பது என்பதை முடிவு செய்யக்கூடும். அரிசோனாவில், மாநில உயர்நிலைப் பள்ளியில் இரண்டாண்டு படித்து முடித்தவருக்குக் குடியேற்ற நிலை எதுவானாலும் உள்ளூர்க் கட்டணம் என்று 2022இல் மக்கள் வாக்களித்தே சட்டமாக்கிவிட்டார்கள். எல்லா மாநிலமும் அப்படி இல்லை. ஐ-485 என்ற கிரீன் கார்டின் கடைசிக் கட்ட விண்ணப்பம் போட முடிகிற நிலை வந்தால் தாமதிக்காதீர்கள். மகளின் வயதை அது உறையவைக்க வாய்ப்பு உண்டு, பல மாநிலங்களில் அந்த ரசீதே தகுதிக்கும் உதவும். இதற்கு மட்டும் குடியேற்ற வக்கீலிடம் பணம் கொடுத்துப் பேசுங்கள்.

நடுவில் வேலை போனால்? ஹெச்-1பிகாரருக்கு இருப்பது அறுபது நாள் அவகாசம். புதிய வேலை சியாட்டிலில் கிடைத்துவிட்டால் குடும்பம் கிளம்பத்தான் வேண்டும். மகள் ஏற்கெனவே உள்ளூர்க்காரராகச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலான மாநிலங்கள் இடைவெளியில்லாமல் படிப்பைத் தொடரும்வரை அந்தக் கட்டணத்தைப் பறிப்பதில்லை. கலிஃபோர்னியாச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சிக்கல் அவள் சேருவதற்கு முந்தைய வசந்தத்தில் கிளம்புவதுதான். பழைய ஊரை விட்டாயிற்று, புதிய ஊரில் பன்னிரண்டு மாதம் ஆகவில்லை. இரண்டு பக்கமும் வெளியாள். முடிந்தால் அந்த ஒரு சாளரத்தில் மாநிலம் மாறாதீர்கள். அப்பா மட்டும் போய், அம்மாவும் மகளும் டெக்சஸிலேயே இருப்பது சட்டப்படி முடியாததல்ல. பெற்றோரில் ஒருவர் போதும். ஆனால் ஹெச்-4 அம்மாவுக்கு வேலை அனுமதி இல்லையென்றால் சம்பள ஆதாரம் இருக்காது என்பதால் வீடு, லீஸ், தங்கை தம்பியின் பள்ளிப் பதிவு என்று மற்றவற்றைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. பன்னிரண்டு மாதத்தையும் விடாமல் மூடும் லீஸ் அல்லது வீட்டுக் கடன் அறிக்கை, முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டுகள், டெக்சஸ் உரிமம், வண்டிப் பதிவு. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. வரி உள்ள மாநிலமாக இருந்தால் அந்த மாநில வரிக் கணக்கு மிக முக்கியம். பழைய மாநில உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புதிய மாநிலத்தில் நிரந்தர எண்ணம் என்று வாதாட முடியாது. வட கரோலினாவில் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஆர்டிஎஸ் என்று ஒரே மையம் முடிவு செய்து எண் கொடுத்துவிடும். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பார்க்கும்.

ஒரே ஓர் ஆவணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பல மாநிலங்களின் பட்டியலில் வாக்காளர் பதிவு என்று ஓர் ஆதாரம் இருக்கும். உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளராகவும் பதிவு செய்யவா என்று திரையிலேயே கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர், கிரீன் கார்டு இருந்தாலும்கூட, அங்கே ஆம் சொல்லவே கூடாது. குடிமகன் என்று பொய்யாகக் கூறியதாக ஆகி நாடு கடத்தல்வரை போகக்கூடிய விஷயம் அது. பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாக உரிமம் எடுக்கப் போகும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம். மனைவி எம்எஸ் படிக்க நினைத்தால் ஹெச்-4இலேயே படிக்கலாம், உள்ளூர்க் கட்டணமும் பெறலாம். பலர் அவசரப்பட்டு முதல் நாளே எஃப்-1க்கு மாறி அந்தக் கட்டணத்தை இழந்துவிடுகிறார்கள். எஃப்-1இன் லாபம் வளாக வேலையும், படிப்புக்குப் பிந்தைய ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியும். ஓபிடிக்கு ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்திருக்க வேண்டும், அந்தப் படிப்பு எஃப்-1இலேயே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ஹெச்-4இல் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் மாறுபவர்கள் இருக்கிறார்கள். விசா மாற்றம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் இதில் உள்ள சூதாட்டம். உதவித்தொகையோடு முழு ஃபண்டிங் கிடைத்தால் கணக்கே வேறு, உடனே மாறிவிடலாம்.

உள்ளூர்க் கட்டணம் கிடைக்காத மாநிலத்தில்தான் படிக்க வேண்டும் என்று மனம் இருந்தால் வேறு சில கதவுகள். மேற்கு மாநிலங்களுக்குள் டபிள்யூயூஇ என்ற ஏற்பாட்டில் பக்கத்து மாநிலத்தவர் உள்ளூர்க் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம். மத்திய மேற்கிலும் நியூ இங்கிலாந்திலும் இதைப்போன்ற ஏற்பாடுகள் உண்டு. டெக்சஸ் இவை எதிலும் இல்லை. ராணுவத்தில் பணிபுரிபவரின் பிள்ளைகளுக்குப் பணியிட மாநிலத்திலேயே உள்ளூர்க் கட்டணம் என்று மத்திய சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவாசிகளுக்குச் சொந்த ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்து, டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு உத்தரவாதத்தோடு மாறுவது என் பார்வையில் நாட்டிலேயே மிக மலிவான நல்ல பேரம். நம்மவர்கள் கௌரவம் பார்த்து அதைத் தொடுவதில்லை. தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த உள்ளூர் வெளியூர் பேதமே கிடையாது.

கடைசியாகத் தங்கை மகன். எஃப்-1இல் வருபவன் நிரந்தர வசிப்பிடம் காட்ட முடியாது என்று மேலே பார்த்தோம். ஆனால் டெக்சஸ் சட்டத்தில் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகம் போட்டியின் அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை கொடுத்தால், அந்த மாணவருக்கு உள்ளூர்க் கட்டணமே வசூலிக்கலாம், வெளிநாட்டவராக இருந்தாலும். டாலஸ், ஆர்லிங்டன் வளாகங்களில் நம்மூர் எம்எஸ் மாணவர்கள் ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்ததா என்று ஒருவரையொருவர் விசாரிப்பது இதற்காகத்தான். ஆயிரத்தைவிட அதன் நிழலில் வரும் கட்டணக் குறைப்பு பல மடங்கு பெரிது. எத்தனை பேருக்குத் தரலாம் என்பதற்குச் சட்டத்திலேயே உச்சவரம்பு உண்டு, ஆகவே சீக்கிரம் விண்ணப்பித்தவருக்கும் மதிப்பெண் உள்ளவருக்கும் முன்னுரிமை. அரைநேர டீச்சிங் அல்லது ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை கிடைத்தாலும் அதே சலுகை. பிஎச்டிக்குக் கலிஃபோர்னியா போகும் எண்ணம் இருந்தால், அங்கே தகுதித் தேர்வு தாண்டி முனைவர் பட்ட வேட்பாளர் ஆனதும் வெளியார் கூடுதல் கட்டணத்தை மூன்று ஆண்டுகளுக்கு விட்டுவிடுவார்கள். இப்போதைக்கு அவனை டெக்சஸ் பல்கலைக்கழகங்களின் துறை உதவித்தொகைக் கெடு தேதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சில துறைகளில் அது சேர்க்கை விண்ணப்பத்தின் கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். கடிதம் கையில் வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல், வெளிமாநிலக் கட்டண விலக்கு இந்த உதவித்தொகையோடு சேர்ந்து வருகிறதா, எத்தனை செமஸ்டருக்கு, அதைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எல்லா ஆயிரம் டாலரும் அந்த விலக்கோடு வருவதில்லை.